பனி விலகாத நாளுக்குக் காசு யார் தருவது? சம்பளம், பேக்கேஜ், நாள் கணக்கு, மாத ஒப்பந்தம்

போன வாரம் கோத்தகிரிப் பக்கம் அரவேணு பஸ் ஸ்டாப்பில் பக்கத்து வீட்டுத் தம்பி பிடித்துக்கொண்டான். "அக்கா, வேலையை விட்டுட்டு உங்களை மாதிரி தனியா வந்துடலாமா?" கோவையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறான். கையில் 35,000 வருகிறது, இரண்டு வருஷமாக ஒரு ரூபாய் ஏறவில்லை. கூடவே லீவு நாட்களில் ஒன்றிரண்டு ஹோம்ஸ்டேக்களுக்கு ரீல்ஸ் எடுத்துக் கொடுக்கிறான், ஒன்றுக்கு 1,500. மாதம் 25 ரீல் எடுத்தால் 37,500, சம்பளத்தைத் தாண்டியாச்சு என்பது அவன் போட்டு வைத்திருக்கும் கணக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை எழுதியே விடுகிறேன், அவனை மாதிரி இந்த மலையில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள்.

நான் ஏழு வருஷம் சம்பளத்துக்கு இருந்தவள். அப்புறம் ஆறு வருஷமாகக் கோத்தகிரியில் இருந்துகொண்டே படம் எடுத்து, வீடியோ வெட்டி, தேயிலைப் பாக்கெட்டுக்கு லேபிள் போட்டுக் கொடுத்து ஓட்டுகிறேன். காசு பேசும்போது எல்லோரும் "எவ்வளவு" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறோம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நின்றேன். இப்போது முதலில் பார்ப்பது வேறு ஒன்றை: வேலை கெட்டுப்போகும் நாளில் நஷ்டம் யார் தலையில்? அது தெரிந்துவிட்டால் எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது தானாக வரும், சொல்லும்போது குரலும் அவ்வளவாக நடுங்காது.

எங்கள் அப்பாவுக்கு ஒண்ணரை ஏக்கர் தேயிலை. பச்சை இலையை எடை போட்டுக் கொடுக்கும் அன்றைக்குக் கிலோ என்ன விலை என்று அவருக்குத் தெரியாது. தூள் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று பார்த்து, 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்ற கணக்கில் தேயிலை வாரியம் மாதாமாதம் ஒரு குறைந்தபட்ச விலையை அறிவிக்கும். காசு அதற்கப்புறம். நல்ல மழை பெய்து இலை குவிந்தால் விலை இறங்கும், ஜனவரி உறைபனியில் செடி கருகினால் இலையே இருக்காது, இரண்டும் அவர் கணக்கில்தான். சரக்கைக் கொடுத்துவிட்டு விலைக்குக் காத்திருக்கிற இந்தப் பழக்கம் ரத்தத்திலேயே வந்ததோ என்னவோ, நானும் முதல் இரண்டு வருஷம் "வேலை முடியட்டும் சார், பார்த்துக் கொடுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்துத்தான் கொடுத்தார்கள், அவர்கள் பக்கத்தை மட்டும் பார்த்து.

சரி, தம்பியின் சம்பளத்திலிருந்தே தொடங்கலாம். மாதச் சம்பளத்தை நாம் ரொம்ப மலிவாக எடை போடுகிறோம். மழையில் கரண்ட் போய் மூன்று நாள் வேலை நடக்காவிட்டாலும் முதல் தேதி பணம் வரும், அந்த நஷ்டம் கம்பெனியுடையது. கூடவே பிஎஃப்: 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்று பல கம்பெனிகள் தங்கள் பங்கை மாதம் 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளும், அதுவும் காசுதான். மருத்துவக் காப்பீடு இருக்கிறது. லேப்டாப் கெட்டால் புதுசு வருகிறது. ஐந்து வருஷம் முடித்தால் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை.

ஆனால் சம்பளத்தில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு, அதன் பெயர் சிடிசி, அதாவது உன் பெயரில் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. இன்னொரு கம்பெனி "வருஷத்துக்கு 4.8 லட்சம்" என்றால் மாதம் 40,000 என்று குதிக்காதே. கம்பெனி போடும் பிஎஃப் 1,800, உன்னிடம் பிடிக்கும் பிஎஃப் 1,800, அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் கிராஜுவிட்டிக்காக ஒதுக்கும் 960 சொச்சம், எல்லாம் அந்த 40,000க்குள்ளேயே இருக்கலாம். இதெல்லாம் போகக் கையில் 35,000 சொச்சம் மிஞ்சும், அதாவது இப்போது வாங்குவதுதான். இதற்காகக் கம்பெனி மாறி, புது மேனேஜரைப் பழகி, நோட்டீஸ் பீரியட் ஓட்டி... வேண்டாம். "கைக்கு எவ்வளவு வரும், பிரித்து அனுப்புங்க" என்று கேட்பதில் ஒரு கூச்சமும் தேவையில்லை, ஹெச்ஆரிடம் தினமும் கேட்கப்படும் கேள்விதான் அது.

அடுத்து தனியாக வருவது. தம்பியின் 25 ரீல் கணக்குக்கு வருவோம். ஒரு ரீலுக்கு வண்டியெடுத்துப் போய், எடுத்து, வீட்டுக்கு வந்து வெட்டி, பாட்டை மாற்றச் சொன்னால் மாற்றி, மொத்தம் ஒன்றரை நாள் ஆகிறது என்று அவனே ஒருமுறை சொன்னான். 25 ரீலுக்கு முப்பத்தேழரை நாள். அப்படி ஒரு மாதம் காலண்டரில் இல்லை தம்பி. இன்னொரு பக்கம், 1,500 ரூபாயை ஒன்றரை நாளால் வகுத்தால் நாளுக்கு 1,000. சம்பளத்தில் மாதம் 26 நாள் என்று வைத்தாலே நாளுக்கு 1,346 வருகிறது. வெளிவேலையில் அவன் தன்னையே சம்பளத்தை விட மலிவாக விற்றுக்கொண்டிருக்கிறான்.

சரியான கணக்கு இப்படி. கைக்கு வரும் 35,000. போய்விடுகிற பிஎஃப் 1,800. சொந்தமாக எடுக்கும் காப்பீட்டுக்கு மாதம் 1,500 என்று வைத்துக்கொள். அடுத்த கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் எடுத்து வைக்க 3,000. ஒரு ஃபைபர் லைன், அது அறுந்தால் இன்னொரு சிம், இன்வெர்ட்டர் பேட்டரி, எல்லாம் சேர்த்து 2,000. மொத்தம் 43,300, வருஷத்துக்கு 5,19,600. இதை 365ஆல் வகுக்கக் கூடாது. காசு கிடைக்கிற நாட்களால்தான் வகுக்க வேண்டும். கொட்டேஷன் அனுப்புவது, பாக்கிக்கு ஃபோன் பண்ணுவது, பில் போடுவது, புது ஆளைப் பிடிப்பது, இதற்கெல்லாம் யாரும் காசு தர மாட்டார்கள். எனக்கு ஒரு மாதத்தில் பில் போட முடிகிற நாட்கள் 13க்கு மேல் போவது அபூர்வம், வருஷத்தில் இரண்டு மாதம் ஈயோட்டுகிறேன். பத்து மாதம், 130 நாள். வகுத்தால் நாளுக்கு 3,997, அதாவது 4,000. இதுதான் தரை, இதற்குக் கீழே போனால் கையிலிருந்து போட்டு வேலை செய்கிறோம் என்று அர்த்தம். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டி வைத்த பிறகுதான் எனக்கு ரேட் சொல்லும் தைரியம் வந்தது. அதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பது, மூச்சுப் பயிற்சி எல்லாம் செய்து பார்த்தவள்தான், ஒன்றும் எடுபடவில்லை.

இனி பேக்கேஜா, நாள் கணக்கா. நான் நிறையச் சூடுபட்ட இடம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் குன்னூர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு 18,000 ரூபாய் பேக்கேஜ் பேசினேன். இரண்டு நாள் ஷூட், ஒரு இரண்டு நிமிட வீடியோ, 30 ஃபோட்டோ. வாங்கியது நவம்பர் வேலை. கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால் குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குதான் பெரிய மழை, அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது என்று இங்கே பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் இரண்டு நாள் என்று ஒத்துக்கொண்டேன். முதல் நாள் போய் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு இருக்கும் திசையே தெரியவில்லை, வெள்ளைச் சுவர் மாதிரி மூட்டம். இரண்டாம் நாளும் அதே. நான்கு முறை போனேன். அப்புறம் எடிட்டிங்கில் ஒன்பது தடவை மாற்றம், கடைசி மாற்றத்தில் முதலில் இருந்த பாட்டையே திரும்பப் போடச் சொன்னார்கள். மொத்தம் ஒன்பது நாள், நாளுக்கு 2,000, அதில் பெட்ரோல் போக என்ன மிச்சம் என்று கணக்குப் போடவே மனசு வரவில்லை. பணம் வந்தது பொங்கலுக்கு அப்புறம். அவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை, பேக்கேஜ் என்றால் பனியும் மழையும் ஓனரின் மனமாற்றமும் என் செலவு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிதானே.

நாள் கணக்கில் அதே பனி அவர்கள் செலவு. இப்போது நான் சொல்வது நாளுக்கு 4,500, வந்து உட்கார்ந்து எடுக்க முடியாமல் போனால் அரை ரேட். ஒரு மேனேஜர் கேட்டார், "எடுக்காத நாளுக்கு எதுக்கு மேடம் காசு?" நான், "டாக்சிக்கு வெயிட்டிங் கொடுக்கிறீங்கல்ல சார், அதேதான்" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். மலையில் எல்லோருக்கும் புரிகிற ஒரே பாஷை வெயிட்டிங் சார்ஜ்.

அதற்காகப் பேக்கேஜே கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் வானம் சுத்தமாக இருக்கும், காலை ஏழு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், எனக்குக் கை பழகிய வேலை என்றால் இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிடுவேன். அப்போது நாள் கணக்கு சொன்னால் வேகமாக வேலை செய்ததற்கு எனக்கே அபராதம். அந்த மாதங்களில் பேக்கேஜ்தான் லாபம். ஆனால் இரண்டு தடவைதான் மாற்றம், மூன்றாவதிலிருந்து தடவைக்கு இவ்வளவு என்று எழுதிக்கொடுக்காமல் எந்த மாதத்திலும் பேக்கேஜ் பேசாதே.

மணிக்கு இவ்வளவு என்பது வெளிநாட்டு வேலைக்குச் சரிப்படலாம். நம் ஊரில் மணிக்கணக்கு சொன்னால் "அது எப்படிங்க ஆறு மணி நேரம் ஆகும்?" என்ற விசாரணையிலேயே ஏழாவது மணி போய்விடும். விட்டுவிடு.

மாத ஒப்பந்தம், ரீடெய்னர் என்பார்களே, எனக்குப் பிடித்தது இதுதான், பயமும் இதில்தான். ஒரு தேயிலைப் பிராண்டுக்கு மாதம் 20,000க்குச் செய்கிறேன்: எட்டு ரீல், 15 ஃபோட்டோ. ஒரே தோட்டம், ஒரே தொழிற்சாலை என்பதால் ஒரே நாளில் மூன்று நான்கு ரீலுக்கு எடுத்துவிடலாம், மொத்தம் ஐந்தரை நாளில் முடிகிறது. நாளுக்குச் சுமார் 3,600 விழுகிறது, என் தரையை விடக் கொஞ்சம் கீழே. மழை மாதத்திலும் வருகிற காசு, ஆள் பிடிக்கிற அலைச்சல் இல்லை, அதனால் பத்து சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கணக்கு. அதற்கு மேல் கேட்டால் மாட்டேன். ஆபத்து எங்கே என்றால் "மேடம், ஒரு சின்ன போஸ்டர்", "மேடம், தீபாவளி வாழ்த்து ஒண்ணு" என்று ஊறிக்கொண்டே வரும். இந்த மாதம் எடுக்காத ரீல் அடுத்த மாதம் சேருமா சேராதா என்பதையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். மொத்த வருமானமும் ஒரே ஒப்பந்தத்திலிருந்து வருகிறது என்றால் அது பிஎஃப் இல்லாத சம்பளம், ஏமாந்துவிடாதே.

கேட்கிற விதம் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் காசு ஒழுகுகிற ஓட்டை ஒன்றுதான், எண்ணைச் சொன்ன அடுத்த நொடி. "நாற்பத்திரண்டு எதிர்பார்க்கிறேன் சார்... கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை." அந்தக் கூடக் குறையவில் கூட என்பது யார் காதிலும் விழாது. "40லிருந்து 45க்குள்" என்றாலும் அப்படித்தான், 40 மட்டும் விழும். எண்ணைச் சொல், அதற்கான காரணத்தை ஒரு வரியில் சொல், அப்புறம் தண்ணீர் குடி. எதிரில் இருப்பவர் பத்து நொடி பேசாமல் இருந்தால் நமக்குத்தான் ஒரு யுகமாகத் தெரிகிறது, அவர் பாவம் மனசுக்குள் பட்ஜெட்டைக் கூட்டிக்கொண்டிருப்பார்.

இங்கே இரண்டு வாதங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, சமவெளிக்காரர்களுடையது: "மலையில்தானே இருக்கீங்க, செலவு கம்மிதானே?" கோயமுத்தூரிலிருந்து டாக்சி ஏறினால் பேட்டாவுக்கு மேல் ஹில் சார்ஜ் என்று தனியாக வாங்குகிறார்கள், மேலே வருகிற வண்டிக்கு அதிகம், மேலேயே இருக்கிற ஆளுக்குக் கம்மி என்றால் என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டாம். "வீடியோ எங்கே வெட்டினாலும் உங்க கஸ்டமர் பார்க்கிறது ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு எண்ணுக்குத் திரும்பி வந்துவிடு. இரண்டாவது, உள்ளூர் ஹோம்ஸ்டேக்காரர்களுடையது: "இ-பாஸ் வந்ததிலிருந்து கூட்டமே இல்லம்மா, பார்த்துப் போடு." இதில் உண்மை இருக்கிறது. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவில் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று சீசனுக்கு வரம்பும் போட்டார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், முக்கால்வாசிப் பேர் உறவுக்காரர்கள். ஆனால் நான் ரேட்டைக் குறைப்பதில்லை, வேலையைக் குறைக்கிறேன். "10,000 முடியலைன்னா 6,000க்குச் செய்யலாம் அண்ணா, வீடியோ வேண்டாம், ஃபோட்டோ மட்டும்." ரேட்டைக் குறைத்தால் அடுத்த வருஷமும் அதுதான் ரேட், அவர் மச்சினன் ஹோம்ஸ்டேக்கும் அதுதான் ரேட். காசுக்குப் பதிலாக இரண்டு நாள் ரூம் தருகிறேன் என்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நான் எதற்கு ரூம் போட்டுத் தங்க வேண்டும்?

கேட்கும் நேரமும் முக்கியம். ஹோம்ஸ்டேக்களிடம் பிப்ரவரியில் பேசு, ஏப்ரல், மே சீசனுக்குப் படம் வேண்டும் என்ற அவசரம் அப்போது அவர்களுக்கு இருக்கும், இரண்டாவது சீசனுக்கு ஆடி மாதம். கம்பெனியில் ஏப்ரலில் இன்கிரிமென்ட் என்றால் ஜனவரியிலேயே காதில் போட்டு வை, மார்ச்சில் போய் நின்றால் பட்ஜெட் போட்டு முடித்திருப்பார்கள்.

பேசிய காசு வந்து சேர்வது இன்னொரு கதை, அதில் தெரிந்த மூன்றை மட்டும் சொல்கிறேன். வேலைக்கு முன்னால் பாதி, மீதி வந்த பிறகுதான் கடைசி ஃபைல். உத்யம் என்று சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு ஒன்று இருக்கிறது, இலவசம், செய்து வைத்துக்கொள். நம்மைப் போன்ற குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள், தாண்டினால் வட்டி உண்டு. அதைவிட வேலை செய்வது என்னவென்றால், அந்தக் கெடுவைத் தாண்டி மார்ச் 31 வரைக்கும் தராத தொகையை அந்த வருஷச் செலவாகக் கம்பெனியால் காட்ட முடியாது, அதனால் மார்ச் கடைசியில் அவர்கள் ஆடிட்டரே நமக்குப் பரிந்து பேசுவார். மூன்றாவது, ஒரே இடத்திலிருந்து வருஷத்துக்கு 50,000க்கு மேல் போனால் பல கம்பெனிகள் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது நம் வரிக்காக முன்கூட்டியே, பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். தள்ளுபடி கேட்கிறார்கள் என்று நினைத்து நான் முதல்முறை சண்டைக்கே போனேன், உன் பெயரில் வரிக் கணக்கில் ஏறியிருக்கும், ரிட்டர்ன் போட்டால் நம் வருமானத்துக்கு அது திரும்ப வரும்.

இப்போது தம்பிக்கு என் பதில்: வேலையை விடாதே, முதலில் கேள். 35,000ஐ 42,000 ஆக்கச் சொல். இரண்டு வருஷத்தில் எத்தனை வீடியோ முடித்தாய், எத்தனை தடவை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காப்பாற்றிவிட்டாய் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போ. உன்னிடத்தில் வெளியாளை வைத்தால் நாளுக்கு 4,000 என்பது அவர்களுக்கும் தெரியும். 38,000 என்றால் உடனே தலையாட்டாதே, இரண்டு நாள் கேள். நீ கேட்டதற்கும் அதற்கும் நடுவில் உள்ள 4,000 சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும், அதன் மேல் வருஷா வருஷம் எட்டு சதவீதம் ஏறினால் ஐந்து வருஷத்தில் இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிடும். சம்பளம் ஏறவே ஏறாது என்றால் சம்பளத்துக்கு வெளியே ஒன்றைக் கேள்: சனிக்கிழமை லீவு, இன்டர்நெட் செலவு, வீட்டிலிருந்து வேலை என்பதை எழுத்தில். வெளிவேலை செய்யக் கூடாது என்று உன் ஆர்டரில் ஒரு வரி இருக்கலாம், எடுத்துப் படி, இருந்தால் அதற்கும் எழுத்தில் அனுமதி வாங்கு. கையில் வேறு கம்பெனி ஆஃபரை வைத்துக்கொண்டு மிரட்டுவது நிஜமாகவே போகத் தயாராக இருந்தால் மட்டும், "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாய்.

ரீலுக்கு 1,500 வாங்குவதை இன்றோடு நிறுத்து. ஒரு நாள் ஷூட், ஒன்றரை நாள் எடிட், மூன்று ரீல் சேர்த்து 10,000 என்று சொல். இப்போதைய இரண்டு பேரில் ஒருவர் கண்டிப்பாகப் போய்விடுவார். போகட்டும். வருகிற சீசனில் இந்த ரேட்டுக்கு மாதம் நாலு பேர் கிடைத்து, ஒரு மாத ஒப்பந்தமும் அமைந்தால் அப்புறம் வா, உட்கார்ந்து பேசலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து மெசேஜ். வெள்ளிக்கிழமை மேனேஜரோடு பேச நேரம் வாங்கிவிட்டானாம், மீட்டிங்கை ஆன்லைனில் வைக்கட்டுமா என்று கேட்கிறான். நேரில் போ, காலையிலேயே பஸ் ஏறு, மேட்டுப்பாளையத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ என்று அனுப்பியிருக்கிறேன். வெறும் வயிற்றோடு போனால் கூடக் குறைய என்று சொல்லிவிடுவான்.